ரத்தம் ஒரு வழி, நிலம் ஒரு வழி: ஃபோர்டு குடும்பத்தின் ஐரிஷ் வேர்கள்

மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு தனக்கென்று கட்டிக்கொண்ட மாளிகையின் பெயர் ஃபேர் லேன். 1915-ல் குடிபுகுந்தார். அயர்லாந்தின் கார்க் நகரில் இருந்த ஒரு சாதாரணத் தெருவின் பெயர் அது. இன்று அந்தத் தெரு உல்ஃப் டோன் தெரு என்று அழைக்கப்படுகிறது. அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர் பேட்ரிக் அஹெர்ன். அமெரிக்க ஆவணங்களில் இவர் ஓஹெர்ன் ஆகிவிடுகிறார். ஹென்றி ஃபோர்டுக்கும் இவருக்கும் ரத்த உறவு கிடையாது. ஹென்றியின் தாயை எடுத்து வளர்த்தவர், அவ்வளவுதான். அப்பாவழித் தாத்தா பிறந்த கிராமத்தின் பெயர் இருக்க, வளர்ப்புத் தாத்தாவின் தெருப்பெயரை ஏன் மாளிகைக்கு வைத்தார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், அமெரிக்காவில் குடியேறிய ஓர் ஐரிஷ் விவசாயக் குடும்பத்தின் வம்சவரலாறு எப்படி உருவாகிறது, எங்கே அறுந்து போகிறது, எதைப் பிடித்துக்கொண்டு மீண்டும் தொடர்கிறது என்பதெல்லாம் தெரியவரும். கார் கம்பெனியின் கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய கதையில் ஏரும் பசுவும் 80 ஏக்கர் காடும்தான் இருக்கின்றன. எனக்கு அதுதான் பெரிய கதையாகப் படுகிறது.

முதலில் வம்சாவளியின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிடுவோம். கார்க் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கிளோனகில்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் பாலினாஸ்கார்தி இருக்கிறது. அங்கே குத்தகைக்குப் பயிர் செய்துவந்தவர் ஜான் ஃபோர்டு. மனைவி தாமசினா. மகன் வில்லியம் 1826-ல் பிறந்தவர். 1847-ல் குடும்பம் மொத்தமும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. 1861-ல் வில்லியம், மேரி லிட்டோகாட் என்ற பெண்ணை மணந்தார். 1863 ஜூலை 30-ல் ஹென்றி பிறந்தார். அவருக்குப் பின் ஜான், மார்கரெட், ஜேன், வில்லியம், ராபர்ட். 1876-ல் பிரசவத்தையொட்டி மேரி இறந்தபோது ஹென்றிக்கு 12 வயது. வில்லியம் 1905 வரை வாழ்ந்தார்.

மூன்று தலைமுறை, இரண்டு நாடு. எழுத ஒரு பத்தி போதும். அந்தப் பத்தியின் ஒவ்வொரு வரியையும் நிரூபிக்க வேண்டுமென்றால்தான் வேலை ஆரம்பிக்கிறது.

ஃபோர்டு குடும்பம் புராட்டஸ்டன்ட் குடும்பம். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியிலிருந்து அயர்லாந்துக்கு வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. எலிசபெத் ராணி காலத்தில் தென் அயர்லாந்தில் ஆங்கிலக் குடியேற்றம் நடந்தது உண்மை என்பதால் அந்தச் சொல்வழக்கு நம்பக்கூடியதுதான். ஆனால் நம்பக்கூடியது வேறு, நிரூபணமானது வேறு. ஃபோர்டு என்ற பெயரை ஆங்கிலக் குடியேறிகளும் வைத்திருந்தார்கள், அயர்லாந்தின் பூர்வ மொழியான கேலிக்கில் இருந்த குலப்பெயர்கள் சிலவற்றுக்கு ஆங்கில வடிவமாகவும் அது புழங்கியது. பெயரை மட்டும் வைத்து யார் எந்த வழி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வம்சாவளி வரைபடத்தில் இந்த இடத்தைப் புள்ளிக்கோடாக விடுவதே நேர்மை. அமெரிக்கக் குடும்ப வரலாறுகள் பலவும் இந்தப் புள்ளிக்கோட்டைக் கெட்டிக்கோடாக்கிவிடுகின்றன. வருத்தமான வழக்கம் அது.

அயர்லாந்துப் பக்கம் தேடுகிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது ஊரை. மாவட்டப் பெயர் போதாது. அயர்லாந்தின் மிகச் சிறிய நில அலகு டவுன்லேண்ட். நாடு முழுக்க 60,000-க்கும் மேல் உண்டு. சில டவுன்லேண்டில் பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான் இருக்கும். வரிப் பட்டியல், குத்தகைக் கணக்கு, ஞானஸ்நானப் பதிவு என எல்லாமே இந்த அலகை வைத்துத்தான் எழுதப்பட்டன. அமெரிக்க ஆவணங்களோ பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறுமனே அயர்லாந்து என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஒரு குடும்பத்தின் தேடல் ஜெயிப்பதும் தோற்பதும் டவுன்லேண்டின் பெயர் கிடைக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. கல்லறைக் கல்லில், பழைய கடிதத்தில், உள்ளூர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்பில் எங்காவது ஓரிடத்தில் அது ஒளிந்திருக்கும். அதனால் தேடலை அமெரிக்காவில்தான் தொடங்க வேண்டும். நேராக டப்ளினுக்கு ஓடுகிறவர்கள் ஒரே பெயருள்ள நூறு ஜான்களுக்கு நடுவே நிற்பார்கள்.

அயர்லாந்தின் ஆவணங்களுக்கு நேர்ந்த கதியையும் சொல்லியாக வேண்டும். 1922 ஜூன் 30-ல், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர மற்றதெல்லாம் சாம்பல். 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசே முன்னரே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது கூழாக்கப்பட்டன. இன்று முழுமையாகக் கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1901-ல் எடுத்ததுதான். 1847-ல் புறப்பட்ட குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்?

மதப் பதிவேடுகளிலும் அந்தத் தீ தன் வேலையைக் காட்டியது. ஆளும் வர்க்கத்தின் சபையான சர்ச் ஆஃப் அயர்லாந்தின் பதிவேடுகள் பெருமளவில் சட்டப்படி காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தன. ஒப்படைத்தவை கிட்டத்தட்ட அத்தனையும் எரிந்தன. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளை அரசு பொருட்படுத்தவில்லை. அவை அந்தந்தக் கோயிலிலேயே கிடந்தன, அதனால் தப்பின. ஆகவே ஃபோர்டு போன்ற புராட்டஸ்டன்ட் குடியானவர்களைத் தேடுவது, பக்கத்து வயலில் உழுத கத்தோலிக்கரைத் தேடுவதைவிட இந்த ஒரு விஷயத்தில் கடினமாகிவிட்டது.

பிறப்பு இறப்புப் பதிவு கைவிட்ட இடத்தில் நிலப் பதிவு கைகொடுக்கிறது. 1823 முதல் 1837 வரை அயர்லாந்து முழுக்க தசமபாகக் கணக்குப் புத்தகங்கள் எழுதப்பட்டன. எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் நிலத்தில் பயிர் செய்கிறவர் சர்ச் ஆஃப் அயர்லாந்துக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்காக டவுன்லேண்ட் வாரியாகக் குத்தகைதாரரின் பெயரும் நிலத்தின் அளவும் குறிக்கப்பட்டன. எளியவர்களை வதைத்த வரி. இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்களுக்கு அதுவே சான்று. 1847-க்கும் 1864-க்கும் இடையே இன்னொரு பெரிய பட்டியல் வந்தது. கிரிஃபித் மதிப்பீடு என்பார்கள். வீடு, நிலம், யாரிடமிருந்து குத்தகை, எவ்வளவு மதிப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் கார்க் மாவட்டத்துப் பட்டியல் அச்சானது 1850-களின் தொடக்கத்தில். ஜான் ஃபோர்டு அதற்குள் மிச்சிகனில் நிலம் வாங்கிவிட்டார். பஞ்சக் காலத்தில் புறப்பட்டுப்போன குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். தசமபாகப் புத்தகத்தில் இருப்பார்கள், கிரிஃபித்தில் இருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே எங்கே போனார்கள் என்பதற்கு அட்லாண்டிக்தான் பதில்.

இன்னொரு ஆவணத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அந்தக் கால அயர்லாந்தில் மூன்று உயிர்க் குத்தகை என்று ஒரு முறை இருந்தது. இத்தனை ஆண்டு என்று கெடு கிடையாது. பத்திரத்தில் மூன்று பேரைக் குறிப்பிடுவார்கள், அவர்களில் கடைசி ஆள் இறக்கும்வரை குத்தகை செல்லும். குத்தகைதாரர் என்ன செய்வார்? வீட்டில் இருக்கும் சின்னஞ்சிறு பிள்ளைகளின் பெயரை எழுதி வைப்பார், அப்போதுதானே நீண்ட காலம் ஓடும். இதனால் ஒரு குத்தகைப் பத்திரத்திலேயே தந்தையின் பெயர், பிள்ளைகளின் பெயர், சில சமயம் வயதுகூடக் கிடைத்துவிடும். கத்தோலிக்கர்களை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்கள் அமலில் இருந்த 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கத்தோலிக்கர்களுக்கு 31 ஆண்டுக்கு மேல் குத்தகை கூடாது என்று தடை இருந்ததால், உயிர்க் குத்தகை அப்போது புராட்டஸ்டன்ட்களுக்கு உரியதாக இருந்தது. டப்ளினின் பத்திரப் பதிவகம் 1708 முதல் இயங்குகிறது, 1922-ன் தீ அதைத் தொடவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டை இழந்த குடும்பம் தன் குழந்தைகளின் பெயரை ஒரு குத்தகைப் பத்திரத்தில் மீட்டெடுக்கலாம்.

அமெரிக்கப் பக்கம் வருவோம். ஃபோர்டு குடும்பம் பஞ்சத்துக்காக மட்டும் திடீரென்று கிளம்பிய குடும்பம் கிடையாது. ஜானின் சகோதரர்கள் சாமுவேல், ஜார்ஜ் இருவரும் 1832-லேயே டியர்பார்ன் பக்கம் வந்து காடு திருத்திவிட்டார்கள். அந்த ஆண்டு முக்கியம். 1825-ல் ஈரி கால்வாய் திறந்த பிறகு நியூயார்க்கிலிருந்து பெரிய ஏரிகள் வரை படகில் வர முடிந்தது. அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலர். மிச்சிகன் அப்போது மாநிலமாகக்கூட ஆகவில்லை, 1837-ல்தான் ஆனது. முன்னால் போனவர் கடிதம் எழுத, பின்னால் இருப்பவர் புறப்படுவது எல்லாக் குடியேற்றத்திலும் உண்டு. ஆனால் முன்னால் போனவர் கையில் நிலம் இருந்ததா, தொழிற்சாலைக் கூலி மட்டும் இருந்ததா என்பதுதான் பின்னால் வருகிறவரின் தலையெழுத்தை நிர்ணயித்தது.

1845-ல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். 1847-ல் வந்த சட்டம் ஒன்று, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்றது. சோறு வேண்டுமென்றால் நிலத்தை விடு என்று அதற்குப் பொருள். அந்த ஆண்டில்தான் ஜான் ஃபோர்டு குடும்பம் புறப்பட்டது. ஃபோர்டுகள் பரம ஏழைகள் அல்லர். கப்பல் கட்டணத்துக்கும் போன இடத்தில் நிலம் வாங்கவும் அவர்களால் பணம் திரட்ட முடிந்தது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு அவர்களையும் பஞ்சத்தின் அகதிகள் என்று மொத்தமாகச் சொல்வது, கையில் காசில்லாமல் செத்துப்போனவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அவர்கள் போனது க்யூபெக் வழியாக. கனடாவிலிருந்து பிரிட்டனுக்கு மரம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்பும்போது ஆள் ஏற்றின, கட்டணம் குறைவு. க்யூபெக் அருகே கிராஸ் ஐல் தீவில் நோய்த் தடுப்பு முகாம் இருந்தது. 1847 என்ற அந்த ஓர் ஆண்டில் மட்டும் அங்கே 5,000-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டார்கள். தாமசினா மிச்சிகன் வந்து சேரவில்லை, வழியிலேயே இறந்தார். கடலிலா, க்யூபெக் கரையிலா என்பதில் கதைகள் மாறுபடுகின்றன. சரிபார்க்கலாம் என்றால், கனடியத் துறைமுகங்களில் இறங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் 1865-க்கு முன் முறையாகப் பாதுகாக்கப்படவில்லை. நியூயார்க்கில் இறங்கியிருந்தால் பெயரும் வயதும் கப்பலும் தேதியும் கிடைத்திருக்கும். மலிவு வழியில் போன குடும்பங்களுக்குக் கடல் பயணம் ஒரு வெற்றுப் பக்கமாகவே நிற்கிறது. அந்தப் பக்கத்தில்தான் ஒரு தாயின் மரணமும் இருக்கிறது.

கரையேறிய பிறகு ஃபோர்டுகள் மீண்டும் எழுத்தில் தென்படுவது நிலத்தை வைத்துத்தான். 1848-ல் ஜான் ஃபோர்டு, ஹென்றி மேபரி என்பவரிடம் 80 ஏக்கரை 350 டாலருக்குக் கிரயம் செய்தார். ஏக்கர் நாலே கால் டாலருக்கு மேல். சகோதரர்கள் வந்த காலத்தில் அரசு விற்ற விலையைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். பதினாறு ஆண்டு முந்திக்கொண்டதன் மதிப்பு அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 80 ஏக்கர் என்பதும் தற்செயலான எண் இல்லை. அமெரிக்க அரசு நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து விற்றது. ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம் ஒரு செக்‌ஷன், அதாவது 640 ஏக்கர். அதில் கால்பங்கு 160, அதில் பாதி 80. ஒவ்வொரு துண்டுக்கும் எண் உண்டு. முதலில் அரசிடம் வாங்கியவர் யார், அவர் யாருக்கு விற்றார் என்று மூலப் பத்திரத்திலிருந்து கடைசிக் கிரயம் வரை சங்கிலியாகப் பின்தொடரலாம். மனிதரின் பெயர் எழுத்து மாறும், வயது பொய்யாகும். செக்‌ஷன் எண் மாறாது.

அந்தக் கிரயத்தில் விற்றவர் பெயரையும் கவனிக்க வேண்டும். மேபரிகளும் கார்க்கிலிருந்து வந்தவர்களே. பிற்காலத்தில் டெட்ராய்ட் மேயரான வில்லியம் மேபரி, ஹென்றி ஃபோர்டின் முதல் கார் முயற்சிகளுக்கு ஆதரவு தந்தவர், ஃபோர்டு குடும்பத்தின் நண்பர். பக்கத்து வீட்டுக்காரர் யார், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார், கல்யாணம் யார் வீட்டில் நடந்தது என்று பார்க்காமல் நேர்வழி ஆண்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போகும் வம்சாவளி பாதியைத் தவறவிடும். ஐரிஷ் குடியேறிகள் ஊரோடு ஊராகப் பெயர்ந்தவர்கள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் வந்தது 1850-ல்தான். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் வரும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அதே 1850 முதல் 1880 வரை விவசாயத்துக்குத் தனி அட்டவணை எடுத்தார்கள். என்னைக் கேட்டால் இதைப்போல ஒரு குடும்பத்தை உயிரோடு காட்டும் ஆவணம் வேறில்லை. திருத்திய நிலம் எவ்வளவு, திருத்தாத காடு எவ்வளவு, குதிரை எத்தனை, கறவை மாடு எத்தனை, உழவு எருது எத்தனை, கோதுமை எத்தனை புஷெல், வெண்ணெய் எத்தனை பவுண்டு, மேப்பிள் சர்க்கரை எத்தனை பவுண்டு என்று கட்டம் கட்டமாக இருக்கும். உருளைக்கிழங்குக்கும் ஒரு கட்டம். அச்சிட்ட தலைப்பிலேயே அதன் பெயர் ஐரிஷ் உருளைக்கிழங்கு. பத்தாண்டுக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காடு சுருங்கி வயல் விரிவதையும் எருது போய்க் குதிரை வருவதையும் எண்களிலேயே பார்த்துவிடலாம். நகரத்தில் கூலி வேலை செய்து வாடகை வீடு மாறிக்கொண்டிருந்த ஐரிஷ்காரருக்கு இப்படி ஒரு தாள் கிடையாது. பஞ்சத்துக்குப் பின் அமெரிக்கா வந்த ஐரிஷ் மக்களில் பெரும்பாலோர் ஊரில் விவசாயம் செய்தவர்கள். ஆனால் நிலம் வாங்கப் பணமில்லாமல் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் ரயில் பாதைகளிலும் தங்கிப்போனார்கள். அவர்களுடைய பேரர்கள் படும் பாடு வேறு.

வில்லியம் ஃபோர்டு தச்சு வேலை தெரிந்தவர். மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் தச்சராக வேலை செய்து பணம் சேர்த்தார், ஓஹெர்னின் பண்ணையிலும் வேலை பார்த்தார். அங்கேதான் மேரி வளர்ந்துகொண்டிருந்தாள். மேரியின் பெற்றோர் பெல்ஜியத்திலிருந்து வந்தவர்கள் என்பது பொதுவாக ஏற்கப்படுவது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த அவளை, குழந்தையில்லாத பேட்ரிக்கும் மார்கரெட்டும் மகளாக வளர்த்தார்கள். நீதிமன்றம் வழியாகத் தத்தெடுக்கும் சட்டம் அமெரிக்காவில் முதன்முதலாக 1851-ல் மாசசூசெட்ஸில்தான் வந்தது. அதற்கு முன் ஓர் அனாதைக் குழந்தையைப் பக்கத்து வீட்டார் வளர்த்தால் எந்தக் காகிதமும் மிஞ்சாது. கணக்கெடுப்புத் தாளில் குடும்பப் பெயர் வேறாக ஒரு சிறுமி அந்த வீட்டில் இருப்பாள், அவ்வளவே.

மேரி, வில்லியமை மணந்த பிறகும் வளர்த்தவர்களை விட்டுப் பிரியவில்லை. வில்லியம் கட்டிய வீட்டில் ஓஹெர்ன் தம்பதியும் உடனிருந்தார்கள். ஓஹெர்னின் நிலமும் பிறகு இவர்கள் கைக்கு வந்தது. ஹென்றி பிறந்தது அந்த வீட்டில். ஆக, அவர் காலூன்றி வளர்ந்த மண் ஓஹெர்ன் வழியாக வந்த மண். அவருக்குத் தெரிந்த தாய்வழித் தாத்தா, பாட்டி அவர்கள்தான்.

மாளிகைப் பெயரின் புதிர் இங்கே அவிழ்கிறது. மரபணுச் சோதனையை வைத்து இந்தக் குடும்பத்தின் வரைபடம் போட்டால், தாய்வழியில் லிட்டோகாட் என்ற பெல்ஜியக் கிளை வரும், ஓஹெர்ன் சுத்தமாகக் காணாமல் போவார். கிரயப் பத்திரங்களை வைத்துப் போட்டால் ஓஹெர்ன் நடுநாயகமாக நிற்பார், லிட்டோகாட் காணாமல் போவார். இரண்டும் உண்மை. ஆனால் ஒரு குடும்பம் தன்னை யாருடைய வழி என்று நினைத்துக்கொள்கிறது என்பதற்கு, இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை, பத்திரம் சொல்வதே நெருக்கமான பதில். எச்சிலை உறையில் போட்டு அனுப்பிவிட்டு வரும் சதவீதத்தை வம்சாவளி என்று நம்பிவிடும் இந்தக் காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹென்றியே தன் வழியில் ஒரு குடும்ப வரலாற்று ஆய்வு செய்தார். 1919-ல் சாலைப் பணிக்காகப் பிறந்த வீட்டை நகர்த்த வேண்டி வந்தபோது அதைப் பழைய நிலைக்கே புதுப்பித்தார். அம்மா இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வீட்டைச் சுற்றித் தோண்டச் சொன்னார், உடைந்த தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன, அந்தச் சித்திரத்துக்கு ஒத்த பாத்திரங்களைத் தருவித்தார். அம்மா வைத்திருந்த அதே மாடல் அடுப்பைத் தேடி அலைந்தார். 1944-ல் அந்த வீடு அவர் நிறுவிய கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. 1912-ல் அவர் கார்க் பக்கமும் போய்வந்தார். 1917-ல் கார்க் நகரில் ஆலை தொடங்கினார். 1919-ல் அங்கிருந்து ஃபோர்ட்ஸன் டிராக்டர் வெளிவந்தது. உழைப்பைக் குறைக்க வேண்டும் என்ற ஆசை பண்ணையில் பிறந்தது என்றால், அதன் விளைவு முன்னோர் உழுத மாவட்டத்துக்கே திரும்பிப் போனது. அந்த ஆலை 1984 வரை ஓடியது.

இந்தக் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்குப் பெயர்கள்தான் பெரிய கண்ணி. ஜான், வில்லியம், சாமுவேல், ஜார்ஜ், ஹென்றி என்று தலைமுறைதோறும் அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது ஐரிஷ் வழக்கம் என்று கையேடுகள் சொல்லும். இந்தக் குடும்பத்தில் அந்த விதி பிசகுகிறது. ஜான் என்ற பெயர் ஹென்றிக்கு அடுத்த தம்பிக்குத்தான் போனது. வழக்கத்தைத் துப்பாக வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக ஏற்கக் கூடாது. ஒரே பெயருள்ள ஒன்றுவிட்ட சகோதரர்களைப் பிரித்தறிய நிலமும் கல்லறையும்தான் உதவும். இன்றைய டெட்ராய்டின் ஜாய் ரோட்டில் ஃபோர்டு குடும்பக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1947 ஏப்ரலில் இறந்த ஹென்றியையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

இன்று தேடத் தொடங்குகிறவர்களுக்கு வசதி கூடியிருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேட்டுப் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இலவசமாக இணையத்தில் ஏற்றியது. தசமபாகப் புத்தகங்களும் கிரிஃபித் மதிப்பீடும் அப்படியே கிடைக்கின்றன. 1922-ல் எரிந்தவற்றின் பிரதிகளை வேறு காப்பகங்களிலிருந்து திரட்டி ஒன்றுசேர்க்கும் மெய்நிகர் ஆவணக் கருவூலம் 2022-ல், அந்தத் தீயின் நூறாவது ஆண்டில் திறக்கப்பட்டது. அமெரிக்க அரசு முதன்முதலில் விற்ற நிலத்தின் பட்டாக்களையும் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். அங்கே தேட வேண்டியது பெயரை மட்டும் வைத்து அல்ல. செக்‌ஷன் எண்ணைப் போட்டு, அந்தச் சதுரத்தைச் சுற்றியிருந்த அத்தனை பேரையும் எழுதிக்கொள்ளுங்கள். மேபரியும் ஓஹெர்னும் அந்தப் பட்டியலில்தான் அகப்படுவார்கள்.